சீலிங்கில் கறை தெரிந்தால் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள்

எங்கள் வீட்டு ஹாலில், மின்விசிறிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், ஒரு நவம்பர் மாதம் டீ சிந்தினாற்போல ஒரு கறை வந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். மழை விட்டதும் காய்ந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதன் மேலும் இரண்டு கோட்டிங் அடித்தோம், கறை மறைந்தது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் தட்டு அளவுக்கு வந்தது. மறுபடியும் பட்டி பார்த்து அடித்தோம். மூன்றாவது ஆண்டு, மழையெல்லாம் முடிந்த ஒரு ஜனவரி இரவில், அந்த இடத்துக் காரை மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. அப்பா தினமும் காலையில் பேப்பர் படிக்கும் நாற்காலியின் மேல் விழுந்தது. இரவு நேரம் என்பதால் அதில் யாரும் இல்லை.

அரை அங்குலக் கனத்தில் ஒரு சதுர அடி சிமென்ட் பூச்சு 2 கிலோவுக்கு மேல் இருக்கும். அது பத்தடி உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு பொங்கலிலும் நாங்கள் கறையை மறைத்தோமே தவிர, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறைகூட மாடி ஏறிப் பார்க்கவில்லை. நீங்கள் அதைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தலைக்கு மேல் என்ன இருக்கிறது?

நம் ஊரில் இப்போது பெரும்பாலான வீடுகள் ஆர்.சி.சி. தளம் போட்ட மொட்டை மாடி வீடுகள். கீழே படுத்துக்கொண்டு மேலே பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெயின்டும் பட்டியும். அதற்கு மேல் சுமார் அரை அங்குலச் சிமென்ட் பூச்சு. அதற்கு மேல் ஐந்து அங்குலம் போலக் காங்கிரீட் தளம். அதற்குள் கம்பி வலை. அதற்கும் மேல், வெயிலும் மழையும் நேராகத் தளத்தைத் தாக்காமல் இருக்க, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மூன்று அங்குலப் படுகை. எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுடுமண் ஓடு. அந்தச் சுண்ணாம்புக் கலவையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவது பழைய கொத்தனார்களின் முறை. அப்படி அடித்த தளங்கள் சில இன்னமும் ஒழுகாமல் இருக்கின்றன.

இதில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவு ஒன்று உண்டு. கம்பிகள் தளத்தின் நடுவில் இல்லை. அடிப்பக்கத்திலிருந்து சுமார் 20 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் கறைக்கும் வீட்டைத் தாங்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இடைவெளி.

புதுக் காங்கிரீட் நல்ல காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றிலிருக்கும் கரியமில வாயு பல ஆண்டுகளில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நிலையில் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். ஊதிய கம்பி தன்னைச் சுற்றியுள்ள காங்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளும். எங்கள் வீட்டில் மழை நின்ற பிறகு காரை விழுந்தது இதனால்தான்.

கறையைப் படிப்பது

டீ நிறத்தில், விளிம்பு மட்டும் கருத்து, நடு வெளுத்த வளையம் தெரிந்தால், தண்ணீர் வந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். வளையத்துக்குள் வளையமாக இருந்தால் பலமுறை வந்து போயிருக்கிறது. பெயின்ட் கொப்புளமாக உப்பியிருந்தால் பின்னால் ஈரம் இப்போதும் இருக்கலாம்.

வெள்ளைப் பொடி பூத்திருப்பதை உப்பு பூத்திருக்கிறது என்கிறோம். தண்ணீர் செங்கலிலும் சிமென்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வந்து, வெளியே வந்ததும் தான் மட்டும் ஆவியாகி, உப்பை அங்கேயே விட்டுப்போகிறது. விரிசல்களில் சில சமயம் சின்னச் சின்ன வெள்ளைக் குச்சிகள் தொங்கும். அது காங்கிரீட்டின் சுண்ணாம்பு கரைந்து வந்து காற்றில் இறுகியது. குச்சி தொங்குகிறது என்றால் அந்த வழியில் வெகுநாளாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

கரும்புள்ளிகள் வேறு. குளியலறை சீலிங்கில் மட்டும் புள்ளி புள்ளியாக வந்தால், அது பெரும்பாலும் வெந்நீர் ஆவியில் வளர்ந்த பூஞ்சைதான். ஜன்னலைத் திறந்து வைத்தாலோ, ஆவியை வெளியேற்றும் சின்ன விசிறி போட்டாலோ குறையும். அதற்கு மாடியை உடைக்க வேண்டியதில்லை. படுக்கையறையில் வந்தால் மட்டும் மேலிருந்து கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது நேர்கோடுதான். சீலிங்கில் துருநிறத்தில் ஒரு நேர்கோடு, அல்லது சம இடைவெளி விட்டு இரண்டு மூன்று நேரான விரிசல்கள் தெரிந்தால், உள்ளே கம்பிகள் ஓடும் தடத்தைத்தான் பார்க்கிறீர்கள். துடைப்பக் கட்டையின் பின்பக்கத்தால் அந்த இடத்தை மெதுவாகத் தட்டுங்கள். நேர் கீழே நிற்காமல் தள்ளி நின்று தட்டுங்கள். நல்ல இடம் கெட்டியாக ஒலிக்கும், விட்டுப்போன இடம் பானையைத் தட்டினாற்போலப் பொக்காக ஒலிக்கும். பொக்காக ஒலித்தால் கட்டில், தொட்டில், சோபா எல்லாவற்றையும் அன்றே அங்கிருந்து நகர்த்துங்கள். தளம் நடுவில் தொய்ந்ததுபோல் தெரிந்தாலோ, கம்பியே வெளியே தெரிந்தாலோ, கொத்தனாரிடம் காட்டினால் போதாது. கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

எப்போது வருகிறது?

நிறத்தைவிடக் காலம்தான் அதிகம் சொல்லும். கறையின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துக் கறை கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்த நாள், நின்ற நாள், சொட்டத் தொடங்கிய நேரம் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்து வையுங்கள். பிற்பாடு வேலைக்கு வருபவர் இந்தக் குறிப்பை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

மழை தொடங்கிய அரை மணி, ஒரு மணிக்குள் சொட்டினால், தண்ணீருக்கு நேரான வழி கிடைத்திருக்கிறது. தளத்தில் விரிசல், குழாய் இறங்கும் துளை, மழைநீர்க் குழாயின் வாய், இவற்றில் ஒன்றாக இருக்கும். மழை நின்று இரண்டு மூன்று நாள் ஆன பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால், தட்டோட்டுக்கு அடியிலிருக்கும் ஜல்லிப் படுகை பஞ்சுபோலத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. ஓடுகளின் இணைப்பு விட்டுப்போயிருக்கும், சில ஓடுகள் மிதித்தால் ஆடும்.

மே மாதத்திலும் கறை ஈரமாக இருந்தால் மழையை விட்டுவிடுங்கள். மேல்மாடிக் குளியலறை, குழாய், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் பக்கம் போங்கள். அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை இருந்தால் இரவு பகலாகச் சொட்டும். வடிகாலில் கோளாறு என்றால் மேலே யாராவது குளித்த பிறகுதான் சொட்டும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் பாருங்கள். யாரும் திறக்காமலே மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது.

அடுக்குமாடி வீடுகளில் குளியலறைத் தளத்தைச் சுமார் ஓர் அடி பள்ளமாக இறக்கிக் கட்டி, அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, செங்கல் துண்டு போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவது வழக்கம். டைல்ஸ் இடுக்குகளில் இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தொட்டிபோலத் தேங்கும். இதனால்தான் மேல்வீட்டுக்காரர் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போன பிறகும் வாரக்கணக்கில் சொட்டும். 'நாங்கள்தான் வீட்டிலேயே இல்லையே' என்று அவர் சொல்வதும் உண்மை, தண்ணீர் அவர் குளியலறையிலிருந்து வருவதும் உண்மை. இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். சந்தேகம் இருந்தால், அவர் சம்மதத்தோடு, சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அவர் வீட்டுக் குளியலறை வடிகாலில் ஊற்றிப் பாருங்கள். கீழே நீலமாக வந்தால் உறுதி. வராவிட்டால் கசிவு இல்லை என்று முடிவு கட்ட முடியாது, நிறத்தை நடுவிலிருக்கும் ஜல்லி பிடித்து வைத்திருக்கலாம்.

கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தண்ணீர் படுகைக்குள் சரிவு பார்த்து ஓடி, தளத்தில் எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கே இறங்கும். எங்கள் வீட்டில் கறை ஹாலின் நடுவில். ஓட்டையோ எட்டடி தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்காகக் கட்டிய மேடையின் அடியில். மேடைக்கும் தட்டோட்டுக்கும் நடுவே கத்தி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. மூன்று வருடத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது.

சொட்டும் இரவில்

மின்சாரம்தான் முதல் கவலை. தளம் போடும்போதே மின்கம்பிக் குழாய்களைக் காங்கிரீட்டுக்குள் பதித்துவிடுவதால், தண்ணீர் அந்தக் குழாய் வழியாக விசிறிக்கும் விளக்குக்கும் வந்து சேரும். விசிறிக் கொக்கியிலிருந்து தண்ணீர் சொட்டினால் அந்த அறை சுவிட்சைத் தொடாதீர்கள். உலர்ந்த கையோடு, செருப்புப் போட்டுக்கொண்டு, போர்டு இருக்கும் இடம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, மெயினை அணையுங்கள். மழை நேரத்தில் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு இருந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) திரும்பத் திரும்ப விழுந்தால் அதைத் தொந்தரவாக நினைத்து வலுக்கட்டாயமாகத் தூக்கிவிட வேண்டாம். எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதால்தான் அது விழுகிறது. மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை அந்த அறை இருட்டாகவே இருக்கட்டும்.

அப்புறம் வாளி வையுங்கள், சாமான்களை நகர்த்துங்கள். பெயின்டுக்குப் பின்னால் தண்ணீர் பலூன்போலத் தொங்கினாலோ, ஜிப்சம் பால்ஸ் சீலிங் ஒரு பக்கம் தொய்ந்தாலோ, அந்த அறைக்கு மின்சாரம் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓரமாக நின்று நீளமான கூரிய குச்சியால் ஒரு சின்ன ஓட்டை போட்டு வாளியில் வடிய விடலாம். அப்படியே விட்டால் பலகை முழுவதும் ஊறி ஒன்றாக விழும். சிமென்ட் காரை உப்பியிருந்தால் மட்டும் தொட வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு வேறு அறையில் படுங்கள்.

இடி மின்னல் நின்ற பிறகு மாடிக்குப் போய்ப் பாருங்கள். அநேகமாக ஒரு குளம் நிற்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது, கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர். அது வெளியேற இருப்பதோ நாலு அங்குலக் குழாய் ஒன்றோ இரண்டோ. அதன் வாயில் வேப்பிலைச் சருகும் ஒரு பிளாஸ்டிக் கவரும் அடைத்திருந்தால் போதும். கையால் எடுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் குளம் வற்றும், பல வீடுகளில் கீழே சொட்டுவதும் அதோடு குறையும். குழாய் வாய் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் கீழே மழைநீர் சேகரிப்புத் தொட்டியைப் பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் அதைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் தொட்டியில் போட்ட ஜல்லியையும் மணலையும் அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கழுவாத வீடுகள் ஏராளம். அது அடைத்துக்கொண்டு, நிரம்பி வழியவும் இடமில்லாமல் போனால் தண்ணீர் குழாயிலேயே ஏறி மாடியில் நிற்கும்.

பழுது பார்ப்பது

மழைக்காலத்தில் செய்யக்கூடியது தற்காலிக வேலைதான். தார்ப்பாய் விரிக்கலாம், குழாய் வாயைத் திறந்து வைக்கலாம். நிரந்தர வேலைக்குத் தளம் நன்றாகக் காய வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்த பிறகு, பிப்ரவரியிலிருந்து மே வரை அதற்கேற்ற காலம். ஈரத்தோடு எந்த ரசாயனப் பூச்சு அடித்தாலும் உள்ளிருக்கும் நீராவி வெயிலில் அதைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று உறுதி செய்ய வேண்டும். புதுத் தளத்துக்குத் தண்ணீர் விட்டு ஆற்றுவதுபோலவே, மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாத்தி கட்டி, ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் பாருங்கள். எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது கீழே ஈரம் ஏறுகிறதோ அங்கேதான் குற்றம். ஏற்கெனவே விரிசல் விட்ட, தொய்ந்த பழைய தளத்தில் இந்தச் சோதனை வேண்டாம். தண்ணீரும் பாரம்தான்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் துளைகள், தொட்டி மேடை, டிஷ் ஆன்டெனாவுக்காகப் போட்ட போல்ட் ஓட்டை ஆகியவற்றை முதலில் பாருங்கள். பரந்த தளத்தைவிட இந்த இணைப்புகளில்தான் அதிகம் ஒழுகும். மூலையைச் செங்குத்தாக விடாமல் சரிவாக உருட்டிப் பூச வேண்டும். விரிசலை மேலோட்டமாக அடைக்காமல், வெட்டி அகலப்படுத்தி, தூசியை ஊதி, அதற்கான கலவையால் நிரப்ப வேண்டும். ஓடுகள் ஆடினால் எடுத்துவிட்டு மறுபடி பதிக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது வாட்டம் சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். தண்ணீர் நிற்கும் மாடியில் எந்த விலையுயர்ந்த பூச்சும் நீடிக்காது.

இருக்கும் ஓட்டின் மேலேயே இன்னொரு படுகை போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். மூன்று அங்குல ஜல்லிச் சுண்ணாம்பு, ஆயிரம் சதுர அடிக்குப் பத்து டன்னுக்கு மேல் எடை. துருப்பிடித்த கம்பி அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். மரத்துலாம் (உத்திரம்) போட்டு அதன் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இது இன்னும் ஆபத்து. அங்கே சுவருக்குள் புதைந்திருக்கும் துலாத்தின் நுனிதான் முதலில் உளுக்கும், அது வெளியே தெரியவும் தெரியாது.

கீழிருந்து பூசி ஒழுகலை நிறுத்திவிடுவதாகச் சொல்வதையும் நான் நம்புவதில்லை. கீழ்வாயை அடைத்தால் தண்ணீர் தளத்துக்குள்ளேயே தங்கி, கம்பியை ஊறவைத்து, அடுத்த அறையில் வெளியே வரும். மேல்வழியை அடைத்த பிறகுதான் கீழே கைவைக்க வேண்டும். பொக்கான காரையைத் தட்டி எடுத்து, கம்பித் துருவைக் கம்பித் தூரிகையால் பளபளக்கும்வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் சேர்த்த கலவையால் பூசுவார்கள். கம்பியின் கனம் வெகுவாகக் குறைந்திருந்தால் கூடுதல் கம்பி சேர்க்க வேண்டும். அதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுக்குமாடியில் மேல்தள வீட்டுக்காரர் தன் செலவில் மாடியைச் சரிசெய்யத் தொடங்கும் முன் சங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மொட்டை மாடி பொதுவாக எல்லோருக்கும் உரியது, அதனால் செலவும் எல்லோருடையதுதான். வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால், 2016-ம் ஆண்டின் ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை) சட்டப்படி கட்டுமானக் குறைகளைக் கட்டுநர் கூடுதல் கட்டணம் வாங்காமல், தெரிவித்த 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். தேதியோடு எடுத்த புகைப்படங்களும், காலண்டரில் குறித்துவைத்ததும் அப்போது உதவும். வாடகை வீடு என்றால் முதல் கறை தெரிந்த நாளே வீட்டுக்காரருக்குப் படத்தோடு செய்தி அனுப்பிவிடுங்கள்.

பெயின்டர் வர வேண்டியது இதற்கெல்லாம் பிறகுதான். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. பழுது பார்த்த இடத்தில் ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது தாளின் உட்புறம் நீர்த்துளிகள் தெரிந்தால் தளம் இன்னும் காயவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் மூன்று தடவை ஒட்ட வேண்டியிருந்தது. அந்த வருடம் ஹால் சீலிங்குக்கு மே மாதம்தான் பெயின்ட் அடித்தோம். அதுவரை, வந்த விருந்தாளிகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அப்பாவும் நாற்காலியை வாசல் பக்கம் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தொட்டி மேடையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.